சைனைடு மலைக்குக் கீழே பெண் கேட்டுப் போனேன்

கோலார் தங்க வயலுக்குப் போகிறேன் என்று மலாய் நாட்டில், எங்கள் ஈப்போவில் யாரிடம் சொன்னாலும், தங்கம் வாங்கவா என்றுதான் கேட்டார்கள். என் மளிகைக் கடைக்கு எதிரே காப்பிக் கடை வைத்திருக்கும் சீனர்கூட, வரும்போது எனக்கும் ஒரு கட்டி கொண்டு வா என்று சிரித்தார். தங்கமும் இல்லை, தகரமும் இல்லை ஐயா, என் மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறேன் என்றேன். என் மகன் சேகர் ஈயச் சுரங்கத்தில் மண் தோண்டும் ஈயக் கப்பலில் ஃபிட்டர். சுரங்கக்காரனுக்குச் சுரங்கக்கார வீட்டுப் பெண்தான் ஒத்துவரும் என்பது என் எண்ணம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் அவர் போயிருப்பார். அவர் இல்லை, நான் போனேன். ஒற்றைப் பொம்பளை கப்பலேறிப் போய்ப் பெண் கேட்பதா என்று முகம் சுளித்தவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டு இருக்கவில்லை.

பங்காருப்பேட்டையில் மாறி ஏறிய சின்ன ரயிலில் ஒருவர் தெலுங்கில் கேட்டார், பக்கத்தில் இருந்தவர் கன்னடத்தில் பதில் சொன்னார், மூன்றாமவர் இரண்டும் புரிந்து தமிழில் சிரித்தார். ஜன்னலோர இடத்துக்குச் சண்டை வந்தபோது மட்டும் எல்லாரும் ஒற்றுமையாகத் தமிழுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அப்போதே அந்த ஊரைப் பிடித்துவிட்டது.

கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கினேன். நான் இறங்கினேன், என் தகரப் பெட்டி இறங்கவில்லை. கூலியாள் எடுப்பான் என்று நான் நினைக்க, நான் எடுப்பேன் என்று அவன் நினைக்க, வண்டி நகர்ந்துவிட்டது. பெண்ணுக்கு வாங்கிய சேலை, பிஸ்கட் டின், எல்லாம் அதில். ஐயோ, வண்டியை நிறுத்துங்கள் என்று நான் போட்ட கூச்சலில் பிளாட்பாரத்து நாய் எழுந்து ஓடியது. டீக்கடைக்காரர் அசையவே இல்லை.

"இன்னாத்துக்கும்மா இப்டி கூவுற? அந்த வண்டி எங்க போயிடும்? மாரிகுப்பத்துக்கு அப்பால தண்டவாளமே கெடியாது. திரும்பி வந்துதானே ஆவணும். குந்து, டீ சாப்டு."

குந்தினேன். அப்போதுதான் அந்த மலையைப் பார்த்தேன். வெள்ளையும் சாம்பலுமாய், உச்சியைக் கத்தியால் சீவி எடுத்தது மாதிரி, ஒரு புல் பூண்டு இல்லாமல் நின்றது. பாறையை மாவாக அரைத்து, சைனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டபின் மிச்சம் மீந்த மாவை ஆண்டாண்டாகக் கொட்டிக்கொட்டி உண்டான மலை. ஊரார் வைத்த பெயர் சைனைடு மலை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காற்று கிளம்பியது. மலை உச்சியிலிருந்து முந்தானை பறப்பது போல ஒரு வெள்ளைத் தூசி எழுந்து, ரயில் பாதையைத் தாண்டி வந்து, என் டீயில் ஏடு கட்டியது.

"குடிங்க, ஒண்ணும் ஆவாது. கிருமியெல்லாம் செத்துப்பூடும்" என்றார் டீக்கடைக்காரர், தன் கிளாசை உள்ளங்கையால் மூடிக்கொண்டே.

நான் என் டீயை அவர் கண்ணெதிரே கீழே ஊற்றிவிட்டு வேறொன்று போடச் சொன்னேன். வண்டி திரும்பி வந்தது. என் பெட்டிமேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டு, கன்னடத்தில் ஏதோ பொரிந்து தள்ளியபடி வந்தார். டீக்கடைக்காரர் எனக்குத் தமிழாக்கிச் சொன்னார்: "பெட்டிய மறந்துட்டு எறங்குற பொம்பள, புள்ளைங்கள இன்னா லட்சணத்துல வளத்திருப்பாளோன்னு கேக்குறாரு." பெரியவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். திட்டிக்கொண்டே குடித்தார்.

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராமலிங்கம் எனக்குக் கொழுந்தன் முறை. தூரத்துச் சொந்தம். இந்தச் சம்பந்தத்தைச் சொல்லி எழுதியவரே அவர்தான். அவர் வீட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். களியை நான் சோறு மாதிரி மென்று தின்னப் போக, ராமலிங்கத்தின் மனைவி பதறிப்போய், மெல்லக்கூடாது அக்கா, அப்படியே முழுங்கணும் என்று கற்றுக்கொடுத்தாள். முழுங்கிப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, அந்த நாசி லெமாக்கைவிட வயிற்றில் நின்றது. அதற்குமேல் ஒரு மாம்பழம், தேன் மாதிரி.

"பொண்ணு தங்கம் அண்ணி. லைன் பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர். குணத்துல ஒரு கொற சொல்ல முடியாது" என்ற ராமலிங்கம் இழுத்தார். "வாய்தான் கொஞ்சம்."

"வாய்க்கு என்ன?"

"மலையோட சண்ட போட்டுகினு கீது."

மாமியாரோடு சண்டை போடுகிற பெண்ணைக் கேள்விப்பட்டிருக்கிறேன், மலையோடு சண்டை போடுகிறவளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றேன். கல்யாணத்துக்கப்புறம் எல்லாம் சரியாய்ப் போய்விடும் என்றார் அவர். ஆண்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே மருந்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஜட்கா வண்டியில் பம்ப்ஹவுஸ் லைனுக்குப் போனோம். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. மூங்கில் தட்டியே சுவராக வரிசை வரிசையாய் வீடுகள், நேர் பின்னால் அந்த மலை. அரசாங்கம் சுரங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகும் எல்லார் வாயிலும் கம்பெனி என்றுதான் வருகிறது. ஜட்கா ஒரு பள்ளத்தில் விழுந்து குதிரை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாய்ச் சாய்ந்தோம். அப்படித் தூசி தட்டிக்கொண்டு நான் போய் நின்ற கோலத்தைப் பார்த்துத்தான் வசந்தா முதலில் சிரித்தாள். வெட்கம், கால் விரலால் தரையில் கோலம், அதெல்லாம் ஒன்றும் இல்லை. "வாங்க அத்தே, மூஞ்சி கழுவிக்குங்க" என்று சொம்பை நீட்டினாள்.

வீட்டு ஜன்னலில் நனைத்த கோணிப் பை தொங்கியது. அவளுடைய அப்பா முனுசாமி அதன் கீழே ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். நெஞ்சு கெட்டுப்போய் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு வராது, அதனால் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறார். அம்மா இல்லாத வீடு. அப்பாவும் மகளும்தான்.

நான் நகை, நட்டு என்று தொடங்குவதற்குள் வசந்தா தொடங்கிவிட்டாள். "அத்தே, ஒளிச்சு மறைச்சு பேசத் தெரியாது. ஆடி மாசம் காத்து கெளம்பிடும். போன காத்துல நைனா ஆஸ்பத்திரில கெடந்து பொழச்சு வந்தாரு. இன்னொரு காத்த தாங்க மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்த மேட்டுச் சரிவுல குறுக்க குறுக்க பழைய தட்டிய நட்டு, அது பின்னால ஏரி வண்டல் கொட்டி, ரயில் கற்றாழைய வச்சிட்டா தூசி எழும்பாது. எதுக்கும் துட்டு வாணாம், ஆளுதான் வோணும். எங்க வெல்ஃபேர் ஆபீசர் இன்னா சொல்றாரு தெரியுமா? நீ ஒருத்தி வந்து கேட்டா மேட்டுல கால வெக்க வுட மாட்டேன், லைன் மொத்தமும் வந்து கேளு, பாக்கலாம்ன்றாரு."

"லைன் வரவில்லையா?"

"நானும் என் நெழலும் போய் நின்னோம்."

முனுசாமி இடையில் வெடித்தார். "ஏய், போதும் வுடு. நான் துன்னாத தூளா? கீழ லெவல்ல எட்டு மணி நேரம் தூளுலயே நின்னவன். மேல வந்து, காத்துல தூசு வருதுன்னு பொட்டச்சி மாதிரி அழுவணுமா? அந்த மேடு நமக்குச் சோறு போட்ட மேடு." சொல்லி முடிக்கும்முன் இருமல் வந்துவிட்டது. அது நிற்கும்வரை வசந்தா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்பும்போது வண்டி வரை வந்து வழியனுப்புகிறேன் என்று பிடிவாதமாக எழுந்து வந்தார். நாலு அடிக்கு ஒரு தரம் நின்றார். தெரு முனையில், மகள் காதுக்கு எட்டாத இடத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒன்னும் யோசிக்காத. சீக்கிரம் முகூர்த்தம் வச்சு அவள இட்டுகினு போயிடு. ராத்திரில அவளும் இருமுறா. எனக்குக் கேக்கலன்னு நெனச்சிகினு கீறா. இந்தத் தூசி என் நெஞ்ச தின்னுச்சு, அவ நெஞ்சையும் தின்னுடும். கடல் தாண்டி போயிட்டா பொழச்சுக்குவா. யார்கிட்டயும் சொல்லிடாத."

இது என்ன மனிதர் என்று வண்டியில் எனக்கு மண்டை காய்ந்தது. வீட்டுக்குள் தூசி ஒன்றுமில்லை, தெருமுனையில் தூசி கொல்லுகிறது. 

பெண் வீட்டைப் பார்த்தால் போதாது, அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டும் அல்லவா? ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்கினேன். விசாரிப்புக்கு ஒரு மரியாதை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அக்கம்பக்கத்தார் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். கேட்டவர்கள் அதை வயிற்றுக்குள் போட்டுப் பூட்டிவிட வேண்டும். ஈப்போவிலும் அதுதான் நடைமுறை, இங்கும் அதுதான்.

எதிர் வீட்டுக் குப்பம்மாளிடம் ஆரம்பித்தேன். காபி கொடுத்தாள், கிளாஸின் மேல் தட்டு வைத்து மூடிக் கொடுத்தாள். பெண் எப்படி என்றேன். "கொணம் தங்கம் அக்கா, ஆனா இந்தத் தூசி பேச்ச பேசிப் பேசி பேரக் கெடுத்துக்கிச்சு. சைனைடு தூசி நல்லதுதானே? மூட்டப்பூச்சி அண்டாது, பாம்பு வராது, பித்தாள வெளக்குனா பளபளன்னு கீது." அவள் வீட்டுக் குடமும் அண்டாவும் கண்ணைக் கூசின. அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் காதருகில் சொன்னாள்: "மெய்யாலுமே சொல்றேங்க்கா, ரெண்டு கண்ணும் எரிஞ்சு சாவுறேன். வசந்தாகூட போவணும்னு ஆசதான். ஆனா இந்த லைன்ல வேற யாரும் வர மாட்டாங்க. நான் மட்டும் போனா, புருஷன் கீழ தூள் துன்றான், இவ மேல மினுக்குறாள்னு நாக்கப் புடுங்குற மாதிரி கேப்பாங்க."

அடுத்தது ரோசம்மா. மாதா படத்துக்குக் கண்ணாடி போட்டு, கண்ணாடிக்கு மேல் துணி போட்டிருந்தாள். அவளும் முதலில் தூசியை மெச்சினாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க சின்னதுக்கு வீசிங் அக்கா. ஆனா குப்பம்மா மாதிரி தைரியசாலிங்களே சும்மா கீறாங்க, நான் இன்னா சொல்றது? அவங்களுக்கு இந்தத் தூசி ஒண்ணுமே பண்ணல போல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தத் தெருவில் நான் ஏறி இறங்கிய வீடெல்லாம் இதே பாட்டு. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. நான் வருவேன், ஆனால் அவர்கள் வர மாட்டார்கள். அந்த அவர்களை நான் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

ஏன் ஒருத்தியும் வாயைத் திறப்பதில்லை என்று ரோசம்மாவையே கேட்டேன். அவள் சொன்ன வழக்கத்தை நான் உலகத்தில் எங்கும் கேட்டதில்லை. ஷிப்டுக்குப் போகிறவன் காதில் குறை விழக்கூடாதாம். வீட்டில் குறை கேட்டுக்கொண்டு கேஜில், அதாவது சுரங்கக் கூண்டில், இறங்கினால் கவனம் தப்பும், கீழே ஏதாவது ஆகிவிடும். வேலை முடிந்து வந்து தூங்குகிறவனையும் எழுப்பக்கூடாது. நல்ல வழக்கம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேளுங்கள், இங்கே ஷிப்டு மூன்று. எந்த நேரம் பார்த்தாலும் ஒரு வீட்டில் ஒருவர் இறங்கப் போகிறார், அடுத்த வீட்டில் ஒருவர் தூங்குகிறார். பம்ப்ஹவுஸ் லைனில் குறை சொல்ல உகந்த நேரம் என்று ஒன்று நாள் முழுக்க இல்லவே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். விசாரிக்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் விடைபெறும்போது தங்கள் வீட்டுப் பெண்ணையும் எனக்குக் காட்டினார்கள். "ஒங்க பக்கம் வேற நல்ல பையன் இருந்தா சொல்லுங்கக்கா. வேலூரோ மெட்ராஸோ, எந்த ஊரா இருந்தாலும் சரி. இந்த ஊர் மட்டும் வாணாம்." சோறு போட்ட மேடு என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள், பெண்ணை அதன் நிழலில் விட்டுவைக்க ஒருவர்கூடத் தயாரில்லை. தூசிக்கு அந்தத் தெரு கண்டுபிடித்த ஒரே பரிகாரம் பெண்களை ஏற்றுமதி செய்வது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எங்கள் ஊரை உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஈயச் சுரங்கச் சேறு எங்கள் கடை வாசல் சாக்கடையில் வந்து அடைத்தபோது, சீனர்கள் கேட்கட்டும் என்று தமிழர்கள் இருந்தோம், தமிழர்கள் கேட்கட்டும் என்று மலாய்க்காரர்கள் இருந்தார்கள். கடைசியில் ஆளுக்கொரு பலகையைப் போட்டுத் தாண்டிக்கொண்டோம். இன்றும் அந்தப் பலகைமேல்தான் நடக்கிறோம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது ராமலிங்கம், என்ன அண்ணி, விசாரிச்ச வரைக்கும் திருப்திதானே என்றார். பரம திருப்தி என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குழம்பை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் காலை வசந்தா வீட்டில் பூ வைத்துப் பேச்சை முடிக்க வேண்டும். நாங்கள் போனபோது தெருக் குழாயடியில் கூட்டம். குழாயை இங்கே நல்லி என்கிறார்கள். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் அதில் வருகிறது. வசந்தா குடத்தை வைத்துவிட்டு எல்லாரையும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஆபீசர் கீறாரு. ஒரு தபா வந்து நில்லுங்க. பேச வாணாம், நின்னா போதும்." பெண்கள் தத்தம் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தாள். "வேற வேல இல்ல இவளுக்கு. கண்ணாலம் ஆவப்போற பொண்ணு, மூஞ்சிக்கு மஞ்சள் பூசாம மலைக்குப் பூசப் போறா." எல்லாரும் சிரித்தார்கள். வசந்தாவின் முகம் சுருங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்ததும் நான் என் பூட்டை உடைத்துவிட்டேன்.

"நிறுத்துங்கம்மா சிரிப்பை!" என்றேன். ஈப்போச் சந்தையில் மீன்காரனிடம் போடுகிற சத்தம். "குப்பம்மா, நேத்துக் கதவைச் சாத்திக்கிட்டு என்ன சொன்னே? ரெண்டு கண்ணும் எரிஞ்சு சாகிறேன்னு சொன்னியா இல்லையா? வேற யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னியே, இதோ நிக்கிறாளே ரோசம்மா, அவ நீ வரலேன்னுதான் வரலையாம். நீ பெரிய தைரியசாலியாம், உன்னைத் தூசி ஒண்ணும் பண்ணலையாம்!" ஒவ்வொரு வீடாக விரலை நீட்டிச் சொன்னேன். யார் எந்த அறையில் எந்தக் குரலில் என்ன சொன்னார்கள், ஒன்று விடவில்லை. பக்கத்தில் நின்ற ராமலிங்கம், அண்ணி, விசாரிப்புல கேட்டத வெளிய சொல்றது பாவம் அண்ணி என்று என் முந்தானையை இழுத்தார். பாவம் என் தலைமேல் வரட்டும் என்று முந்தானையை உருவிக்கொண்டேன்.

இவ்வளவு சத்தத்தில் தூங்குகிறவர்கள் தூங்குவார்களா? ராத்திரி ஷிப்டு முடித்துப் படுத்திருந்த ஆண்கள் லுங்கியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குப்பம்மாளின் புருஷன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். "இன்னாடி, கண்ணு எரியுதா ஒனக்கு? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ஷிப்டுக்குப் போற மனுஷன்கிட்ட எப்பிடிய்யா சொல்றது?"

"எனக்கு மட்டும் இனிக்குதா? நீங்கல்லாம் சும்மா கீறீங்களே, நாம சொன்னா கேவலம்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. குழாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, குடம் நிரம்பி வழிந்தது, ஒருத்தியும் குனிந்து நிறுத்தவில்லை.

அப்போது முனுசாமியும் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் சொன்னதையும் நான் சொல்லிவிட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். "அண்ணே, தெருமுனையில என் கையைப் பிடிச்சு, இந்தத் தூசி அவ நெஞ்சையும் தின்னுடும், கூட்டிக்கிட்டுப் போயிடுன்னு கெஞ்சினது யாரு?"

வசந்தா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "அதுக்குத்தான் எனக்கு மாப்ள பாத்தியா நைனா? என்ன மட்டும் தாட்டி வுட்டுட்டு, நீ இங்கயே குந்திகினு சாவறதுக்கா?"

"நீயாவது நல்ல காத்துல கெடடி" என்றார் அவர். பிறகு கம்பத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். இருமலா அழுகையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

முதலில் குடத்தைக் கவிழ்த்து வைத்தது குப்பம்மாள்தான். "வாங்கடி போலாம்" என்றாள், தானே இத்தனை நாளும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் மாதிரி.

லைன் மொத்தமும் ஆபீசுக்குப் போய் நின்றது. ஆபீசர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றான் பியூன். நேற்றாக இருந்தால் எல்லாரும் கலைந்திருப்பார்கள். இன்று ஒருத்தரும் நகரவில்லை. நாளைக்கு என்ன, அவர் வருவதற்குள் வேலையைத் தொடங்குவோம் என்று வசந்தா சொல்ல, கும்பல் அப்படியே திரும்பியது. வீட்டுக்கு வீடு கிடந்த பழைய தட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டார்கள். ஏரி வண்டலை அவள் முன்பே வண்டியில் வரவழைத்துப் பள்ளிக்கூடத்துப் பின்புறம் குவித்து வைத்திருந்தாள். அதைக் கூடையில் அள்ளிக்கொண்டார்கள். ரயில் பாதையோரத்துக் கற்றாழைக் கன்றுகளை ஆண்கள் பிடுங்கி வந்தார்கள். நானும் ஒரு கூடை தூக்கினேன். சம்பந்தம் பேசக் கட்டியிருந்த பட்டுச்சேலையோடுதான்.

மலையடிவாரத்தில் காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். தங்கத்துகள் மிச்சமிருக்குமென்று அந்த மண்ணுக்கும் காவல் உண்டு. கையில் கூடையோடு யார் நின்றாலும் திருட்டுத்தான். கன்னடத்தில் அவர் கேட்டதைக் குப்பம்மாள் எனக்குச் சொன்னாள்: "இன்னா எடுத்துகினு போறீங்கன்னு கேக்குறாரு." எடுத்துப் போகவில்லை, கொண்டு வருகிறோம் என்று சொல்லச் சொன்னேன். மனிதருக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. கூடை கூடையாய்க் கையை விட்டுத் துழாவினார். வண்டல், வண்டல், வண்டல். கற்றாழையைப் புரட்டிப் பார்த்து முள் குத்திக்கொண்டார். தன் மேலாளைக் கூப்பிட்டார். அவரும் வந்து துழாவினார்.

கடைசியில் வெல்ஃபேர் ஆபீசரே ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. லைன் மொத்தமும் வரவே வராது என்ற நம்பிக்கையில்தான் அந்த நிபந்தனையைப் போட்டிருக்கிறார், அது அப்பட்டமாகத் தெரிந்தது. மலையிலிருந்து மண்ணை வெளியே எடுப்பதற்குத் தடை இருக்கிறது, உள்ளே கொண்டுவந்து கொட்டுவதற்கு என்ன விதி என்று தனக்குத் தெரியவில்லை, மேலே கேட்க வேண்டும் என்றார்.

"கேளுங்க சார்" என்றாள் வசந்தா. "நீங்க கேட்டு முடிக்கிற வரைக்கும் நாங்க நட்டுகினு இருக்கோம்."

குப்பம்மாளின் புருஷன் அவருக்கு முன்னாலேயே முதல் தட்டியை நட்டு, காலால் மிதித்து இறுக்கினார். ஆபீசர் அந்தத் தட்டியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். அடிச்சரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உச்சிக்கு ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சாயங்காலம் காற்று வந்தபோது இரண்டு தட்டிகள் சாய்ந்தன. திரும்ப நட்டார்கள். அன்று அடித்த தூசியில் எல்லாருடைய தலையும் வெள்ளை, எல்லாருக்கும் இருமல். ஆனால் அன்றுதான் எல்லாரும் சத்தம் போட்டுத் திட்டினார்கள். இந்தப் பாழாய்ப்போன தூசி என்று ரோசம்மா கத்தியதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

அடுத்த சில நாட்களும் அதே வேலை. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் தூங்கப் போகுமுன் ஆளுக்கொரு குடம் தண்ணீரை மேட்டுக்குச் சுமந்தார்கள். மலை பெரிது. அவர்கள் மூடியது அதன் பாதத்தில் ஒரு பட்டை மட்டும்தான். ஆடிக் காற்று அதை விட்டுவைக்குமா, முனுசாமி அந்தக் காற்றைத் தாண்டுவாரா, யாருக்கும் தெரியாது. நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

கிளம்பும் முன்னால் பூவும் சேலையுமாய் வசந்தா முன் உட்கார்ந்தேன். உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது, உன் முடிவைச் சொல் என்றேன். முனுசாமி நாற்காலியிலிருந்து, போறேன்னு சொல்லு, போறேன்னு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒங்க புள்ளய வாணாம்னு சொல்லல அத்தே. ஒங்கள மாதிரி மாமியா எனக்கு எங்க கெடைக்கும்? ஆனா நான் கடல் தாண்ட மாட்டேன். இப்பத்தான் லைன் மொத்தமும் கூட வந்து நின்னுச்சு. இன்னிக்கு நானே பெட்டியக் கட்டுனா, அவங்க மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது? ஒவ்வொருத்தியா ஊர வுட்டு ஓடி ஓடித்தான் அந்த மேடு இம்மாம் ஒசரம் வளந்துச்சு."

முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். ராமலிங்கம் வந்த சம்பந்தம் போச்சு என்று வாசலில் போய் நின்றுகொண்டார். நான் பூவை எடுத்து அவள் தலையில் வைத்தேன். சேலையை மடியில் வைத்தேன். பிறகு நேரே ராபர்ட்சன்பேட்டைத் தபாலாபீசுக்கு வண்டியை விடச் சொன்னேன்.

ஈப்போவுக்குத் தந்தி என்றதும் குமாஸ்தா பேனாவை எடுத்தார். இங்கிலீஷில் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் தமிழில் சொன்னேன்: "பெண் பிடித்தது. வர மாட்டாள். நீ வா."

அவர் எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது? பொண்ணுதானே மாப்ள வூட்டுக்குப் போவணும்? ஒங்க புள்ளைக்கு இது புரியுமா?"

"புரியலேன்னா அவனுக்கு இந்தப் பொண்ணு கிடையாது. அனுப்புங்க."